பதினாறு வயதுக்குப் புத்தகம் வேண்டாம், முதலில் ஒரு பதில் போடுங்கள்

மலேசியத் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், சிறுகதைப் போட்டி நடத்துகிறவர்களுக்கும், நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது வார இறுதியில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை, அதனால் யாரையும் பகைத்துக்கொள்ளும் பயம் கொஞ்சம் குறைவு. உங்களில் சிலரை எனக்கு நேரிலேயே தெரியும். சொந்தக் காசைப் போட்டுத் தமிழுக்குச் செலவழிக்கிறவர்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன், ஆகவே பாதியில் கோபித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, பதினாறு வயது, கதை எழுதுகிறாள். அவளும் அவள் அம்மாவும் சரி என்று சொன்ன பிறகுதான் அந்தக் கதையைப் பற்றி இங்கே பேசுகிறேன், ஆள் தெரிந்துவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசியாக மட்டும் வாழும் ஒரு பாட்டி. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது. வயதான காலத்தில் குடியுரிமைக்கு மனுப் போட்டு, மலாய் மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பேத்தி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறாள். சந்தையில் மீன்காரரோடு மலாயில் வாய்ச்சண்டை போட்டு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) குறைத்து வாங்குகிற பாட்டிக்கு, பதிவுத் துறை அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்தில் இருக்கும் மலாய் அம்மாவிடம் பேத்தியின் படிப்பைப் பற்றி மலாயில் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறார். பேத்திக்கு வருகிற கோபத்தோடு கதை முடிகிறது. கோபம் யார் மேல் என்று அவள் எழுதவில்லை. குடிமக்களுக்கான நீல அட்டை பாட்டிக்குக் கிடைத்ததா இல்லையா என்றும் எழுதவில்லை.

அச்சகத்தில் இருந்த காலத்தில் நல்லது கெட்டது என்று எவ்வளவோ கதைகள் கண் முன்னால் போயிருக்கின்றன. பிழை திருத்துகிறவர் கதையைக் கதையாகப் படிக்கக் கூடாது, எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். படித்தால் பிழை கண்ணில் படாது. இந்தப் பிள்ளையின் கையெழுத்துப் பிரதியில் நான் ஒற்றுப் பிழைகளைப் பார்க்கவே மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். முதலில் ஒரு போட்டிக்கு அனுப்பினாள். கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ ஒரு வரி இல்லை. முடிவு நாளிதழில் வந்தபோதுதான் தன் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டாள். அப்புறம் பள்ளி ஆசிரியை மூலமாக வேறொரு அமைப்பின் கைக்குக் கதை போனது. அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. உண்மையாகவே பிடித்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிடித்துப்போய் அவர்கள் சொன்னது இரண்டு. ஒன்று, பாட்டிக்கு நீல அட்டை கிடைப்பது போல முடிவை மாற்றினால் ஆண்டு மலரில் போடலாம், 'படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் பாருங்கள்'. இரண்டு, இன்னும் பதினொரு கதை எழுதிக் கொடுத்தால் புத்தகமாகவே போட்டு, மண்டபம் எடுத்து, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரை வைத்து வெளியிடலாம். இளம் எழுத்தாளர் என்று பத்திரிகையில் படத்தோடு வரும். பள்ளி விடுமுறைக்குள் எழுதி முடித்துவிடு என்றார்கள்.

பதினொரு கதை, ஒரு விடுமுறையில். அவள் ஒரு கதையை எழுதி முடிக்கவே ஒரு பள்ளித் தவணை ஆகியிருந்தது.

குடும்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிற அப்பாவுக்கு மகள் பெயரில் புத்தகம் என்றால் எப்படி இருக்கும்! வேண்டாம் என்று சொன்னவர் நான் ஒருவர்தான், அதற்காக அந்த வீட்டில் கொஞ்ச நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. ஏன் வேண்டாம் என்றேன் என்பதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை இல்லை, நம் ஊரில் எழுதுகிற பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நினைக்கிறபோதெல்லாம் நாம் முதலில் ஓடுவது புத்தகத்துக்கும் மேடைக்கும்தான்.

இன்றைக்குப் புத்தகம் போடுவது கஷ்டமான காரியம் இல்லை. நூலுக்கான ஐஎஸ்பிஎன் அடையாள எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. அச்சிட்ட பிறகு 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அந்த நூலகத்துக்கே ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் சம்பிரதாயம். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு ஐம்பது பிரதி கூட அடித்துத் தருகிறார்கள். கஷ்டம் அதற்குப் பின்னால்தான். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் கடையில் விற்பதில்லை, மேடையில் விற்கிறது. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு, முதல் நூலைப் பெறும் பிரமுகர், பின்னால் உறையோடு வரிசையில் நிற்கும் நண்பர்கள். கல்யாண மொய் மாதிரிதான், இன்று உங்களுக்கு வைத்தவருக்கு நாளை நீங்கள் வைக்க வேண்டும். வயதான எழுத்தாளர்கள் இப்படித்தான் அச்சுக்கூலியை எடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழி நாம் வைக்கவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை இந்த மொய்க் கணக்கில் எங்கே நிற்கும்? அந்த மண்டபத்தில் அவள் கதையைப் படித்துவிட்டு வந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் அவளைப் பாராட்டுவார்கள், ஒருவர் கூட 'மூன்றாம் பக்கத்தில் அந்தச் சித்தப்பா எதற்கு வருகிறார், எதற்குப் போகிறார்?' என்று கேட்க மாட்டார். விழா முடிந்தால் மிச்சப் பிரதிகள் பெட்டியில், படிக்கட்டுக்குக் கீழே. இருபத்தைந்து வயதில் அவளே அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூச்சப்படுவாள், அதில் ஒரு நல்ல கதையும் பதினொரு அவசரக் கதையும் இருக்கும் என்பதால்.

முடிவை மாற்றச் சொன்னதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நம்முடைய பிள்ளைகள் தமிழில் எழுதக் கற்றுக்கொள்வது பள்ளிக் கட்டுரையில். அங்கே பழமொழி சேர்த்தால் மதிப்பெண், மரபுத்தொடர் சேர்த்தால் மதிப்பெண், முடிவில் படிப்பினை இருந்தால் இன்னும் நல்லது. செய்யுளும் மொழியணியும் என்று பாடத்திட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்குக் குறளும் கொன்றை வேந்தனும் வாயில் நிற்கின்றன, அது நல்லதுதான், நான் எதிரி இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு கதைக்கு வந்தால் என்ன ஆகிறது? கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பாமல் ஒரு கதையும் விடியாது, வியர்வை முத்து முத்தாக அரும்பாமல் ஒருவரும் வேலை செய்ய மாட்டார், கடைசிப் பத்தியில் குடிகார அப்பா திருந்திவிடுவார். இந்த மாணவி அந்த வேலியை யாரும் சொல்லிக் கொடுக்காமலே தாண்டி வந்திருக்கிறாள். தாண்டியவளைப் பிடித்து, திரும்ப உள்ளே போ, பாட்டிக்கு அட்டை வாங்கிக் கொடு என்கிறோம். சிவப்பு அட்டையோடு காத்துக்கொண்டே காலமாகிப்போன பெரியவர்களை உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். நம்பிக்கை வரவேண்டும் என்று நீங்கள் சொன்னது யாருக்கு? காத்திருந்தவர்களுக்கா, இல்லை விழாவுக்கு வருகிற பிரமுகருக்கா? சரி, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன், ஆனால் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன்.

போட்டித் தலைப்புகளும் இதே ரகம்தான். ஒற்றுமை, தாய்மொழிப் பற்று, போதைப்பொருள் ஒழிப்பு. இவற்றை வைத்து நல்ல கதையே வராது என்று சொல்லவில்லை, வந்தால் அது தலைப்பை மீறித்தான் வரும்.

இப்போது இன்னொரு பக்கம். இந்த நாட்டில் எழுத வருகிறவர்களைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடும் வேலையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நம் முன்னோர் செய்திருக்கிறார்கள். 1950-ல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்று ஒன்றை நடத்தினார்கள். பத்திரிகையின் பக்கத்திலேயே கதை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், எழுதுகிறவர்களும் தோட்டத்தில் இருந்தும் பட்டணத்தில் இருந்தும் வந்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றைப் பேசுகிறவர் யாரும் அதைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. ஐம்பதுகளிலேயே சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்காகவே பக்கம் ஒதுக்கியது. மலாயாவில் இருந்தும் பிள்ளைகள் அதற்கு எழுதினார்கள், பிற்காலத்தில் பெயர் சொல்லும் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்தில் முளைத்தவர்கள். எழுபதுகளில் முருகு சுப்பிரமணியன் தமிழ் நேசனில் இருந்தபோது நல்ல கதைக்குத் தங்கப் பவுனே பரிசாகக் கொடுத்தார்கள். இதில் எதிலும் மண்டபம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பத்திரிகையில் ஒரு பக்கம் இருந்தது, படித்துப் பார்த்து இது ஆகும் இது ஆகாது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார், வாரா வாரம் அடுத்த வாய்ப்பு இருந்தது. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. பத்திரிகை போனால் போகட்டும், அந்த ஆளும் அல்லவா கூடவே போய்விட்டார்.

மலாய் எழுத்தாளர்களைப் பாருங்கள். மலாய் மொழி, இலக்கிய வளர்ச்சிக்கான அரசாங்க அமைப்பான டேவான் பஹாசா 1985-ல் 'மிங்கு பெனுலிஸ் ரெமாஜா' என்று பதின்ம வயதினருக்கான எழுத்துப் பட்டறையைத் தொடங்கியது. அனுப்பிய படைப்பைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்ந்தவர்களை ஒரு வாரம் ஒன்றாக உட்கார வைத்து, மூத்த எழுத்தாளர்கள் அவர்களுடைய எழுத்தையே எடுத்துப் பேசுவார்கள். இன்று மலாய் இலக்கியத்தில் அறியப்படுகிற பலர் அந்த வாரத்தைக் கடந்து வந்தவர்கள். அரசாங்கப் பணம் இருக்கிறது, நமக்கு எங்கே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஒரு நூல் வெளியீட்டுக்கு ஆகும் மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தால், ஆறு பிள்ளைகளைச் சனி ஞாயிறு இரண்டு நாள் ஒரு பள்ளி நூலகத்தில் உட்கார வைத்து, ஓர் எழுத்தாளருக்குப் பயணச் செலவும் கொஞ்சம் சன்மானமும் கொடுக்கத் தாராளமாகப் போதும். புகைப்படம்தான் சுமாராக வரும்.

நம்மிடமே நல்லது இல்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பல ஆண்டுகளாகச் சிறுகதைப் போட்டி நடத்தி, வென்ற கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்று தொகுப்பாகவும் போடுகிறது. ஒரு பிள்ளையின் ஒரு கதை, மற்றவர்களின் நல்ல கதைகளோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சாவது எவ்வளவு நல்ல விஷயம்! தனிப் புத்தகத்தைவிட இதில் பிள்ளைக்கு லாபம் அதிகம், ஏனென்றால் தன் கதையைத் தேடித் திறக்கிறவள் பக்கத்துக் கதையையும் படித்துவிடுவாள், நமக்கும் அவர்களுக்கும் எவ்வளவு தூரம் என்று தானே தெரிந்துகொள்வாள். வல்லினம் போன்ற இணைய இதழ்கள் மின்னஞ்சலில் கதை வாங்கிக்கொள்கின்றன, அங்கே போடுகிற தரத்துக்கு எழுதுவது பதினாறு வயதில் சிரமம்தான், ஆனால் படிக்க வேண்டிய இடம் அது என்று என் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்படியானால் உங்களிடம் நான் கேட்பது என்ன? முதலில் பதில். கதை கிடைத்தது என்று ஒரு வரி, முடிவு தெரிந்ததும் ஒரு வரி. நூறு கதை வந்தால் நூறு பேருக்கும் விரிவாக எழுத முடியாது, அது எனக்கும் தெரியும், ஆனால் அந்த நூறில் பத்துப் பிள்ளைகளிடம் ஏதோ இருக்கிறது என்று நடுவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அந்தப் பத்துப் பேருக்கு மட்டும், ஜெயித்தாலும் தோற்றாலும், நான்கைந்து வரி எழுதுங்கள். எது நன்றாக இருந்தது, எந்த இடத்தில் படிப்பவர் தடுக்கி விழுகிறார், அடுத்து என்ன செய்து பார்க்கலாம். நடுவருக்குப் பொன்னாடை போர்த்துகிற காசில் இந்த வேலைக்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், செய்வார்.

அந்த வரிகள் என்ன செய்யும் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த உதாரணம் இருக்கிறது. சிவப்பு அட்டைக் கதையின் முதல் பிரதியில் அந்த அதிகாரி என்ன கேட்டார் என்பதே இல்லை. பாட்டி உட்கார்ந்தார், வாய் அடைத்துப்போனது, எழுந்துவிட்டார். நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான், 'அவர் ஏதோ கேட்டிருப்பாரே, அதைக் காணோமே.' வேறு எதையும் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். அதிகாரி நல்லவர், சிரித்த முகம், பாட்டியை 'மாக்சிக்' (அத்தை) என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பயப்பட வேண்டாம், எங்கே பிறந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, வீடமைப்புப் பகுதியாகி வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் பெயரைச் சொல்வது என்று பாட்டிக்குத் தெரியவில்லை. பாருங்கள், மொழி தெரியாமல் வாயடைத்த கதை வேறொரு கதையாகிவிட்டது! இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்குத் தோன்றியிருக்கவும் வாய்ப்பில்லை. கேள்வி மட்டும்தான் என்னுடையது.

இங்கே ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் வாக்கியத்தை நீங்களே மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். நடுவர்களுக்கு அது தெரியும், எனக்கே தெரிகிறது, திடீரென்று ஒரு பத்தியில் மட்டும் நாற்பது வயதுக்காரர் பேசுவார். இப்போது அதற்கு மேல் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. நன்றாக எழுதினாலே 'இதைப் பிள்ளைதான் எழுதியதா?' என்று சந்தேகப்படுகிறார்கள், அந்தச் சந்தேகத்தில் உண்மையாக எழுதுகிற பிள்ளைகள் ஓரம் கட்டப்படுகிறார்கள். இதற்கு மென்பொருளைத் தேடிப் போக வேண்டாம். கைப்பேசியை எடுத்துப் பிள்ளையிடம் பத்து நிமிடம் கதையைப் பற்றிப் பேசுங்கள். இந்தப் பாத்திரம் ஏன் இப்படிச் செய்தது, எதை எழுதிவிட்டு அடித்தாய் என்று கேளுங்கள். தானே எழுதியவளுக்குச் சொல்ல நிறைய இருக்கும், நிறுத்துவதுதான் கஷ்டம்.

அடுத்தது அந்தப் போட்டிப் படிவம். 'அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கே சொந்தம்' என்று கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பழைய படிவத்தில் இருந்து படியெடுத்துப் படியெடுத்து வருகிறது, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவருக்கு உரிமை எழுதியபோதே வந்துவிடுகிறது, எங்கும் பதிய வேண்டியதில்லை, அவர் வாழ்நாள் முழுதும் இருந்து, இறந்த பிறகும் 50 ஆண்டு தொடர்கிறது. அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை பொதுவாக ஒப்பந்தம் செய்யவும் முடியாது, ஆகவே அந்தப் படிவத்தில் மாணவியின் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்திருப்பதற்கு மதிப்பு எவ்வளவு என்று உங்கள் குழுவில் உள்ள வழக்கறிஞரையே கேளுங்கள், எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். எடுக்க வேண்டியது கொஞ்சம்தான். இந்தத் தொகுப்பில் ஒருமுறை அச்சிடும் அனுமதி, பெற்றோர் கையெழுத்தோடு. தோற்ற கதைகளுக்கு அதுவும் வேண்டாம், அவை பிள்ளையின் கைக்கே திரும்பட்டும், வேறு இடத்துக்கு அனுப்பிப் பார்க்கட்டும்.

தட்டச்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளில் தட்டச்சு செய்து மூன்று பிரதி தபாலில் அனுப்பு என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் தட்டச்சு செய்ய முரசு அஞ்சல், செல்லினம் என்ற மென்பொருள்களைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், பிள்ளைகள் கைப்பேசியிலேயே மடமடவென்று தமிழ் அடிக்கிறார்கள், வீட்டில் பிரிண்டர் இல்லாத பிள்ளை மூன்று பிரதிக்கு எங்கே போகும்? மின்னஞ்சலில் வாங்குங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கூட வாங்குங்கள்.

பரிசளிப்பு விழாவைக் கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்தால் பட்டர்வொர்த் பிள்ளையும் அம்மாவும் முதல் நாளே ரயில் ஏற வேண்டும், ஆறுதல் பரிசுத் தொகை டிக்கெட்டுக்குக் காணாது. இதை யோசித்துச் செய்கிற அமைப்புகளும் உண்டு, நன்றி. மற்றவர்கள் காசை வங்கியில் போட்டுவிடுங்கள்.

பெயரும் படமும். பிள்ளையின் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, சிரிக்கும் படம், எல்லாவற்றையும் முகநூலில் ஏற்றி, கீழே கதையையும் போடுகிறீர்கள். கதையில் குடிக்கிற மாமா இருப்பார். அந்த மாமாவும் முகநூலில் இருப்பார். பிள்ளைகள் தெரிந்ததைத்தான் எழுதுவார்கள், வீட்டைத்தான் எழுதுவார்கள், நன்றாக எழுதுகிற பிள்ளை கூடுதலாகவே எழுதும். அதனால் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் புனைபெயர் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டுவிடுங்கள், பள்ளிப் பெயரை விட்டுவிடுங்கள். பள்ளிக்குப் பெருமை வேண்டுமென்றால் தலைமையாசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பினால் போயிற்று.

ஞாயிறு பதிப்பு ஆசிரியர்களுக்கு: ஆள் பற்றாக்குறையில் நீங்கள் படும் பாடு தெரியும், பக்கம் பிடிக்கும் இரவில் ஓர் ஆள் மூன்று ஆள் வேலை பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். மாணவர் பக்கம் என்று பெயர் வைத்து எதைக் கொடுத்தாலும் போடுகிற பக்கம் வேண்டாம், அது பிள்ளைகளுக்கே பிடிப்பதில்லை. தேர்ந்தெடுத்து ஒரே ஒரு கதை, அதற்குக் கீழே ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஆறு வரி, ஐம்பது வெள்ளி சன்மானம். ஐம்பது வெள்ளி உங்களால் முடியாதென்றால், கல்விக்கென்று நிதி வைத்திருக்கும் அமைப்புகளிடம் கேளுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கிற அமைப்புகளில் யாராவது ஓராண்டுக்கு அதை ஏற்றுக்கொண்டால் மொத்தம் அறுநூறு வெள்ளி. ஒரு மலர்மாலைக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

என் மாணவியின் புத்தகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த அமைப்பிடம் நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிட்டாள், நான் சொன்னதற்காக இல்லை, பதினொரு கதை வரவில்லை அங்கிள் என்று அவளே சொன்னாள். இரண்டாவது கதை பாதியில் நிற்கிறது. ஐந்தாம் படிவம் வருகிறது, பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வு இருக்கிறது, அதுவரை நான் கூட அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: மாணவர்களிடம் இருந்து வரும் கதைகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு இன்னாருக்கு என்று. அந்தப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அடுத்த போட்டி அறிவிப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். பினாங்குப் பக்கத்துக் கதைகளைப் படித்துக் குறிப்பு எழுதித் தர ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், சம்பளம் வேண்டாம், பிரதிகளை மட்டும் முடிவு நாளுக்கு முதல் நாள் ராத்திரி அனுப்பாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு முன்னாள் பிழைதிருத்துநர்